அஞ்சலையின் உள்ளங்கை

போன மாதம் ரேவதி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற அன்று என்னிடமிருந்து வார்டு சாவிக்கொத்தை வாங்கிக்கொண்ட சிஸ்டர் அவள்.

"அக்கா, நம்ம வார்டுக்கு ஒரு கேமரா வந்திருக்கு. காயத்துக்கு நேரா காட்டினா போதும், தோலுக்குள்ள ரத்தம் எங்க ஓடுது, எங்க ஓடலைன்னு கலர் கலரா காட்டிடுது. ஊசியால குத்திப் பாக்கறது, அழுத்திப் பாக்கறது எல்லாம் இனிமே கொஞ்ச நாள்தான்னு சொல்றாங்க."

"நல்லதுதானேடி" என்றேன்.

"நல்லதுதான். ஆனா புதுசா வந்திருக்கிற பொண்ணுங்க ஸ்கிரீனையே பாக்குதுங்க, காயத்தைப் பாக்க மாட்டேங்குதுங்க. நீங்க அந்த அஞ்சலையம்மா விஷயத்தை எழுதிக் குடுங்களேன். நான் சொல்ல ஆரம்பிச்சா பாதியில சிரிச்சுடறேன், மீதியில அழுதுடறேன்."

சரி என்று ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட பிறகுதான், ஷிஃப்ட் ரிப்போர்ட்டைத் தவிர என் வாழ்க்கையில் நான் எதையும் எழுதியதில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஆகவே படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் ஸ்டெல்லா. வீடு சேலையூர். தாம்பரத்தை ஒட்டிய ஒரு மருத்துவமனையில், பெயர் எதற்கு, தீக்காய வார்டில்தான் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி போனது. எனக்குப் பொறுமை கிடையாது, வாய் அதிகம். நான் வார்டில் யாரையாவது திட்டினால் கீழே மருந்துக் கவுன்டரில் நிற்கிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய், காத்திருப்பதே பாதி வைத்தியம் என்கிற வார்டில் போட்டவர்களை நான் நெடுநாள் மன்னிக்கவில்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. கஞ்சி போட்ட தொப்பி, ஹாஸ்டல் சாம்பார், காலையிலிருந்து மாலை வரை திட்டு. உடற்கூறு புத்தகத்தில் தோலுக்கு ஒரு பக்கம், ஒரு படம். மனப்பாடம் செய்தேன், பரீட்சையில் எழுதினேன், மறந்தேன். மூளைக்கும் இருதயத்துக்கும் இருந்த மரியாதை தோலுக்கு இல்லை. உடம்பைச் சுற்றிய உறை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்பை மாற்றியவர் எங்கள் சீஃப். அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை, ஆனால் வார்டில் எல்லோருக்கும் அவர் சீஃப்தான். என்னைவிட வயதில் நன்றாகச் சின்னவர். ஒல்லி. கூச்ச சுபாவம். எதையும் மெதுவாகச் செய்வார். மாடிப்படி ஏறுவது மெதுவாக, டீ குடிப்பது மெதுவாக, கையுறை மாட்டுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டிரெஸ்ஸிங் அறைக்குள் நுழைந்தால் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வாசல் அலமாரியில் வைப்பார். "இது கண்ணுல பட்டா அவசரம் வந்துடுது சிஸ்டர்" என்பார். பிறகு கட்டு பிரித்த காயத்தின் முன்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பார். சும்மா பார்ப்பார். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. கத்திரிக்கோலைத் தட்டில் 'டங்'கென்று வைத்தால் திரும்பி என்னைப் பார்ப்பார், திட்ட மாட்டார். திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் வந்த புதிதில் ஒருநாள் இரண்டு பேர் சேர்ந்தாற்போல வந்தார்கள். ஒருவர் பள்ளிக்கரணை அம்மா, காலில் கொதிக்கிற ரசம் கொட்டியிருந்தது. புறங்கால் சிவந்து கொப்புளம் கொப்புளமாக இருந்தது, அம்மா போட்ட சத்தத்தில் கட்டிடமே அதிர்ந்தது. இன்னொருவர் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஏதோ ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிற இளைஞர். சூடான அச்சு இயந்திரத்தில் முன்கை மாட்டிக்கொண்டதாம். உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் வெளுத்து, மெழுகு பூசியது போல இருந்தது.

"வலியே இல்ல சிஸ்டர். ஆயின்ட்மென்ட் போட்டு அனுப்பிடுங்க, சாயங்கால ஷிஃப்ட் புடிக்கணும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார் அவர்.

நான் அந்த அம்மாவிடம் ஓடினேன். சீஃப் நேராக இளைஞரிடம் போனார். எனக்கு வந்ததே கோபம்! இவ்வளவு கதறுகிற பொம்பளையை விட்டுவிட்டு, சிரிக்கிற ஆளிடம் என்ன விசாரணை வேண்டிக்கிடக்கிறது என்று முகத்திலேயே காட்டினேன்.

அவர் அந்த வெள்ளை இடத்தில் ஊசி நுனியை வைத்தார். இளைஞர் அசையவில்லை. கொஞ்சம் அழுத்தினார். அப்போதும் அசையவில்லை. சீஃப் என்னிடம் திரும்பித் தணிந்த குரலில் சொன்னார்: "கத்தறவங்களுக்கு உள்தோல் உயிரோட இருக்கு சிஸ்டர். அது அவங்களைப் பாத்துக்கும். இவருக்கு அந்த இடத்துல உள்தோலே இல்ல. வலிக்கறதுக்கு அங்க யாரும் மிச்சமில்ல."

அந்த அம்மாவின் கால் களிம்பும் கட்டும் போட்டதிலேயே, தழும்புகூட இல்லாமல் ஆறியது. சிரித்த பையனுக்குத்தான் அறுவை சிகிச்சை செய்து தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

உள்தோல் என்றால் என்ன என்று புதுப்பெண்களுக்கு என் பாஷையில் சொல்கிறேன். நாம் பார்க்கிற, பவுடர் போடுகிற, குளிக்கும்போது தேய்த்து உதிர்க்கிற தோல் மேல்தோல். அது மெலிசு. அதற்கென்று ரத்தக்குழாய்கூடக் கிடையாது. அதற்கு அடியில், பல மடங்கு தடிமனாக இருப்பதுதான் உள்தோல். புத்தகம் டெர்மிஸ் என்கிறது. ரத்தம் அங்கேதான் ஓடுகிறது. முடியின் வேர், வியர்வைச் சுரப்பி, எண்ணெய்ச் சுரப்பி எல்லாம் அதில்தான் ஊன்றியிருக்கின்றன. சூடு, குளிர், அழுத்தம், ஊசி குத்து, இறகு படுவது, இப்படி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நரம்பு நுனிகள் பெரும்பாலும் அங்கேதான் காத்துக்கொண்டிருக்கின்றன. வெயிலில் நின்றால் முகம் சிவப்பதும், மார்கழிக் காலையில் கை வெளுப்பதும் அதன் வேலை. உடம்பின் சூட்டை வெளியே விடவும் உள்ளே பிடித்து வைக்கவும் அதுதான் குழாய்களைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. புறங்கைத் தோலைக் கிள்ளி இழுத்து விட்டுப் பாருங்கள். பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்துகொள்கிறது அல்லவா? இழுத்துக்கொண்டது உள்தோல்.

நான் அதைக் கண்ணால் பார்த்தது ஒரே ஒருமுறை. ஒரு துணுக்குத் தோலைப் பரிசோதனைக்கு மாடிக்குக் கொண்டுபோனபோது, முன்பு அனுப்பிய வேறொன்று நுண்ணோக்கியில் இருந்தது. "பாக்கறீங்களா?" என்று அங்கிருந்த மேடம் நகர்ந்து இடம் கொடுத்தார். குனிந்தேன். அப்பப்பா! இளஞ்சிவப்பில் இடியாப்பம் பிழிந்து வைத்தது போல இழை இழையாக, ஒன்றின் மேல் ஒன்றாக, எல்லாத் திசையிலும் ஓடிக்கொண்டிருந்தது. மேலே போகப் போக இழை மெலிசாகிறது. மேல்தோலைத் தொடுகிற இடத்தில் அது சமமாக முடியவில்லை, சின்னச் சின்ன மேடாக எழும்பி நிற்கிறது. மேல்தோலும் அதற்கேற்றாற்போல இறங்கி, இரண்டு கையின் விரல்களைக் கோத்துக்கொண்ட மாதிரி இரண்டும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு மேட்டுக்குள்ளும் ஒரு மயிரிழை ரத்தக்குழாய் ஏறிப்போய் வளைந்து இறங்குகிறது. இத்தனை வருடம் நான் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தது இதையா! கீழே இறங்கி வரும்போது படிக்கட்டின் கைப்பிடியைத் தொட்டேன், அந்தக் குளிர்ச்சிகூட எனக்குப் புதிதாக இருந்தது.

அஞ்சலை வந்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து.

கோவளத்தைத் தாண்டி ஒரு மீனவர் குப்பம் அவள் ஊர். காலையில் மீன் விற்பாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் கடற்கரைக்கு வருகிறவர்களுக்கு மீன் வறுத்துக் கொடுப்பாள். வீட்டுக்காரருக்கு முதுகு போய்விட்டது, கடலில் இறங்க முடியாது. குடும்பம் முழுக்க அவள் கையை நம்பி இருந்தது. அந்த ஞாயிறு, மணலில் வைத்த அடுப்பின் ஒரு கால் இறங்கி எண்ணெய் வாணலி சரிந்திருக்கிறது. எதிரில் அவள் மகள் மகேஸ்வரி தட்டோடு நின்றிருக்கிறாள். அஞ்சலை கைப்பிடியைத் தேடவில்லை, துணி தேடவில்லை. இரண்டு கையாலும் வாணலியை அப்படியே பிடித்து நிமிர்த்தி, கீழே இறக்கி வைக்கும்வரை விடவில்லை. பெண் மேல் ஒரு சொட்டுகூடப் படவில்லை.

அவளைக் கூட்டிவந்தவள் மூத்த நாத்தனார் கன்னியம்மா, அவள் 'அண்ணி' என்று கூப்பிடுகிறவள். கட்டைப் பிரித்தால், உள்ளங்கை முழுக்கப் பற்பசை அப்பியிருக்கிறது.

"ஏம்மா, கையால பல்லு விளக்கப் போறாளா இவ?" என்று கத்தினேன்.

"சில்லுனு இருக்கும்னு பக்கத்து வூட்ல சொன்னாங்க சிஸ்டர். எரிச்சலுக்கு இன்னா பண்றதுனு தெர்ல" என்றாள் கன்னியம்மா.

தீக்காயம் பட்டால் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள், வேறு எதையும் பூசாதீர்கள் என்று தொண்டை வறள நான் சொல்லாத நாள் கிடையாது. யார் கேட்கிறார்கள்? கழுவி எடுக்கவே நெடுநேரம் ஆனது.

இடது கை பரவாயில்லை. வலது கைதான் பயமுறுத்தியது. வாணலியின் பாரத்தைத் தாங்கியது அதுதான். உள்ளங்கையும் விரல்களும் வெள்ளை வெளேரென்று, கெட்டியாக இருந்தன. அழுத்தினால் நிறம் மாறவில்லை. குத்தினால் அவளுக்குத் தெரியவில்லை. பார்த்ததும் எனக்கு அந்தச் சிரித்த பையன்தான் ஞாபகம் வந்தான்.

எங்கள் உதவி மருத்துவர் நிவேதா கெட்டிக்காரி. "ஆழமான காயம் சார். செத்த தோலைச் சீக்கிரம் எடுத்துட்டு தொடைத் தோல் வச்சிடலாம். விட்டா சீழ் பிடிக்கும், கை மடங்கி இறுகிடும்" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. உடம்பின் மற்ற இடங்களில் நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

சீஃப் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ளங்கையாச்சே டாக்டர். தொடைத் தோல் இங்க வந்து உக்காரும், ஆனா உள்ளங்கைத் தோல் ஆகாது."

கட்டிலில் இருந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "சார், தொடத் தோல வச்சா மீனு புடிக்க வருமா?"

மற்ற மருத்துவர்களாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். இவருக்குப் பொய் வராது. "பிடிக்க வரும்மா. வழுக்கும். வேர்க்காது, ரேகை இருக்காது. தொட்டா தெரியறது குறைவா இருக்கும்."

"தெரியறதுன்னா?"

"இப்ப மீனைத் தொட்ட உடனே பழசா புதுசான்னு சொல்லிடுவீங்க இல்ல? அது."

அஞ்சலை தன் வலது கையைப் பார்த்தாள். பிறகு, "அப்ப அதுக்குப் பேரு கையா சார்?" என்று கேட்டாள்.

நான் கட்டுத் துணியை எடுக்கப் போனேன்.

இரண்டு நாள் பொறுத்து மறுபடி ஊசி வைத்துப் பார்க்கலாம் என்று சீஃப் சொன்னார். அந்த இரண்டு நாளில் பக்கத்துக் கட்டில்காரி யாரோ அஞ்சலைக்கு வேதம் ஓதியிருக்கிறாள்: குத்தும்போது வலித்தால் ஆபரேஷன் இல்லை, வலிக்காவிட்டால் ஆபரேஷன். அவ்வளவுதான். டிரெஸ்ஸிங் அறைக்கு வந்தாள். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னோம். சீஃப் ஊசியைத் தட்டிலிருந்து எடுத்தார், அந்தச் சத்தம் கேட்டதுமே, "ஐயய்யோ! எம்மாடியோ! உசுரு போவுதே!"

ஊசி இன்னும் தட்டுக்கு மேலேயே இருந்தது. சீஃப் ஊசியைக் கீழே வைத்துவிட்டு மேசையை லேசாக ஒரு தட்டு தட்டினார். "ஐயோ, குத்துதே!" என்று துள்ளினாள். வாசலில் நின்ற கன்னியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நிவேதா சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். என்னால் அடக்க முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

சீஃப் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்து அவள் முகத்துக்கு நேராகப் போட்டுக்கொண்டார். "அஞ்சலை, நீங்க கத்தினா நான் நம்பிடுவேன். ஆனா உள்ள செத்துப்போயிருந்தா அது அழுகும். அப்ப தோல் மட்டும் போகாது, விரலும் போகும். எங்கிட்ட நிஜத்தைச் சொல்லுங்க."

அவள் உதடு கோணிக்கொண்டது. பெரிய மனுஷி, ஊரையே அதட்டி மீன் விற்கிறவள், குழந்தை மாதிரி அழுதாள். "ஒண்ணுமே தெர்ல சார். மரத்துப் போயி கீது. ஆனா அறுத்துடாத சார். இந்தக் கை இல்லன்னா நான் இன்னா சார் பண்ணுவேன்?"

சிரித்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் தலையை என் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் சீஃப் அவளுடைய இடது கையைத் திருப்பி, காயம் படாத ஓர் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைத் தடவிப் பார்க்கச் சொன்னார். அது கை இல்லை, செருப்பின் அடிப்பகுதி. வருடக்கணக்காகக் கத்தி பிடித்து, உப்பிலும் ஐஸிலும் அளைந்து, கூடை தூக்கி, அப்படியொரு காய்ப்பு. அந்த இடத்தில் ஊசியை வைத்தார். "தெரியுதா?" தெரியவில்லை என்று தலையாட்டினாள். அது தீ படவே படாத இடம்!

"இவங்க கையில நாம குத்திட்டிருக்கிறது காய்ப்பைத்தான். வெள்ளையா தெரியறதும் காய்ப்புதான். உள்தோலை நாம இன்னும் பாக்கவே இல்ல" என்றார் சீஃப். "சூட்டுல பாதியை இந்தக் காய்ப்பே வாங்கிட்டிருக்கலாம். வாங்காமலும் இருந்திருக்கலாம். எடுத்துட்டுப் பாப்போம்."

வலி தெரியாமல் இருக்க மருந்து கொடுத்துவிட்டு, அவளுடைய வலது கையை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஊற வைத்தோம். அந்த நாள் எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. மணிக்கட்டுப் பக்கத்தில் ஓரம் கொஞ்சம் தூக்கியிருந்தது. இடுக்கியால் அதைப் பிடித்து, வளைந்த கத்திரியைச் சாய்த்து வைத்து, செத்ததை மட்டும் வெட்டிக்கொண்டே போனார் சீஃப். நான் நீரை ஊற்றிக்கொண்டே போனேன். இழுக்கக் கூடாது. இழுத்தால் ஒட்டிக்கொண்டிருக்கிற உயிருள்ளதும் கூடவே வந்துவிடும். தடித்த வெள்ளைத் தோல் ஒரே தகடாக எழும்பி வந்தது. தட்டில் போட்டபோது சத்தம் கேட்டது.

அடியில் ஈரமாக ஒரு தளம் தெரிந்தது. ஓரங்களில் ரோஜா நிறம். நடு உள்ளங்கையிலும் விரல் நுனிகளிலும் வெளிறிய மஞ்சளும் சிவப்புப் புள்ளிகளும். ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்து நடுவில் வைத்து அழுத்தினார் சீஃப். வெளுத்தது. எடுத்தார். குனிந்தார். வெளுத்த இடம் வெளுத்தபடியே இருந்தது. இருந்தது. பிறகு, எறும்பு ஊர்கிற மாதிரி, ஓரத்திலிருந்து மிக மெதுவாக ஒரு சிவப்பு திரும்பி வந்தது.

"இருக்கு" என்றார். "எவ்வளவு ஆழத்துக்கு இருக்குன்னு தெரியல. ஆனா இருக்கு."

"சார், உள்ளங்கையில முடியே கிடையாதே. மத்த இடத்துல முடி வேர்லேர்ந்து தோல் வளரும். இங்க எதுலேர்ந்து வளரும்?" என்று நிவேதா கேட்டார். நல்ல கேள்வி. எனக்கும் அதேதான் மனதில் ஓடியது.

"வேர்வைச் சுரப்பி இருக்கே. உள்ளங்கையில ஏகப்பட்டது. எல்லாம் ஆழத்துல போய் உக்காந்திருக்கும். சூடு அவ்வளவு தூரம் போகலைன்னா அது போதும்."

"மூணு வாரம் சார். அதுக்கு மேல ஆறாம இருந்தா கை மடங்கிடும். அதுக்கு மேல நான் விடமாட்டேன்."

"சரி டாக்டர். மூணு வாரம்" என்று ஒப்புக்கொண்டார் அவர்.

அதன் பிறகு கட்டு மாற்றுவது மட்டும்தான். என் ஜென்மத்திலேயே அப்படி ஒரு கைக்கு நான் பணிவிடை செய்ததில்லை. கட்டை அப்படியே உரிக்கக் கூடாது, உப்புநீரில் ஊறித் தானாக விடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். நான், ஒரு பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்க முடியாதவள், ஒரு துணிக்காகக் காத்திருந்தேன். ஊறி விட்டதும், காயத்தில் ஒட்டாத மெழுகுத் துணியைப் புதிதாக வைத்து, விரலோடு விரல் ஒட்டிக்கொள்ளாமல் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி, கை மடங்காதபடி பலகை வைத்துக் கட்டி, தலைக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும். நடுவில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கட்டுத் துணியில் லேசாக வாடை வந்தது. நிவேதா என்னைப் பார்த்தார், நான் சீஃபைப் பார்த்தேன். அவர் மருந்தை மாற்றினார், பொறுங்கள் என்றார். வாரங்கள் போயின. ஓரங்கள் ஆறி வந்தன. நடு உள்ளங்கை மட்டும் அப்படியே, சிவப்பாக, ஈரமாக, ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. ஞாயிறு பூசையில் வாய்விட்டே கேட்டேன், ஆண்டவரே, ஒன்று ஆறவை, இல்லை அறுக்கச் சொல், இப்படி நடுவில் தொங்க விடாதே என்று.

அஞ்சலைக்கு ஒரே கவலை. மகேஸ்வரிக்கு யார் தலை வாருகிறார்கள்? "எங்க அண்ணி வாரினா முடிய புடுங்கிடும் சிஸ்டர், அதுக்குப் பொறுமையே கெடயாது" என்பாள். எனக்கும் அதே குணம் என்பதால் நான் பேச்சை மாற்றுவேன்.

மூன்றாவது வாரம் முடிகிற தறுவாயில் ஒரு காலை. அறுவை அரங்குப் பலகையில் அவள் பெயரை நிவேதா எழுதி வைத்துவிட்டார். கடைசி டிரெஸ்ஸிங். துணி விட்டது. எடுத்தேன். நடு உள்ளங்கையில், அந்தச் சிவப்பின் மேல், வெள்ளையாகப் பொடிப் பொடியாக ஏதோ இருந்தது. சீழ் வைத்துவிட்டதே! துடைக்கப் பஞ்சை எடுத்தேன்.

"துடைக்காதீங்க!"

சீஃப் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரே முறைதான். ஓடி வந்தார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததும் அந்த ஒரே முறைதான். லென்ஸை எடுத்துக் கையின் மேல் பிடித்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு லென்ஸை என்னிடம் நீட்டினார்.

முத்து. பொடி முத்துகள். பளபளப்பாக, விளிம்பு லேசாகக் கண்ணாடி போலத் தெளிந்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றன. கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் சீரான இடைவெளி. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வேர்வைச் சுரப்பி. செத்தது என்று நாங்கள் கைவிட இருந்த நிலத்தின் ஆழத்திலிருந்து, ஒவ்வொரு குழாய் வழியாகவும் தோல் ஏறி வெளியே வந்து, பக்கத்தில் இருப்பதைத் தேடிப் படர்ந்துகொண்டிருந்தது. நான் கட்டுப் போட்டேன், சண்டை போட்டேன், ஜெபம் செய்தேன். எனக்குத் தெரியாமல் அது பாட்டுக்கு உள்ளே வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. யார் அதற்குச் சொன்னது? மேலே கூரை போய்விட்டது, எழுந்து வா என்று யார் சொன்னது? கண்ணீரில் லென்ஸ் மங்கிவிட்டது.

"இன்னா சிஸ்டர், இன்னாது அது? ஜவ்வரிசி கொட்டினாப்புல கீது?" என்று எட்டிப் பார்த்தாள் அஞ்சலை.

"உங்க தோல்தான்மா. உள்ளேர்ந்து முளைக்குது" என்றார் சீஃப்.

"ஆபரேசன் பண்ணாமயா?"

"பண்ணாமதான்."

"யாரு மொளக்க வச்சது?"

"நீங்கதான்."

"நான் ஒண்ணும் பண்ணலயே சார், சும்மாதான படுத்துகினு இருந்தேன்" என்றாள் அவள். நிவேதா வெளியே போய் அறுவை அரங்குப் பலகையில் அவள் பெயரை அழித்துவிட்டு வந்தார். திரும்பி வந்தவர் அந்தப் பொடிகளை லென்ஸில் பார்த்துவிட்டு, மறுபடியும் ஒருமுறை குனிந்து பார்த்தார்.

அந்தப் புள்ளிகள் அகன்றன, ஒன்றை ஒன்று தொட்டன, சேர்ந்துகொண்டன. சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் மடங்கியே நின்றுவிட்டது. அதற்குப் பயிற்சி சொல்லி வீட்டுக்கு அனுப்பினோம். ஆனால் ஆறிய தோலில் உணர்ச்சி எவ்வளவு திரும்பும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. தோல் மூடிவிட்டால் கை வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மூடிய பிறகும் மரத்தே இருக்கிற கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

சில மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தாள். கூடவே கன்னியம்மா, பள்ளிச் சீருடையில் மகேஸ்வரி. அஞ்சலையின் முகம் சரியில்லை.

"சார், கைக்கு இன்னாமோ ஆயிப்போச்சு சார்."

சீஃப் அவள் கையை வாங்கினார். இளஞ்சிவப்பாக, மெலிசாக, புதிதாக இருந்தது. ரேகைகள்கூடத் திரும்பியிருந்தன. "என்ன ஆச்சு? மரத்துப் போகுதா?"

"இல்ல சார். எல்லாம் தெரியுது." மகளைக் கிட்டே இழுத்து, அந்தக் கையை அவள் கன்னத்தில் வைத்தாள். "இவ கன்னம் இப்டி இருக்கும்னு எனக்குத் தெரியாது சார். இவ பொறந்து இத்தினி வருசமாச்சு. பாலு குடிக்கிற புள்ளயா இருந்தப்போகூட இந்தக் கையாலதான் தொட்டேன், ஒண்ணும் தெர்ல. இங்க பாரு சார், பூன முடி மாதிரி சின்னச் சின்னதா கீது, அதுகூடத் தெரியுது."

சீஃப் அந்தக் கன்னத்தையும் கையையும் பார்த்தார். "காய்ப்பு போயிடுச்சில்லம்மா. உங்க உள்தோல் எப்பவும் இப்படித்தான் இருந்தது. மேல மூடியிருந்தது."

"மறுபடி காச்சிடுமா?"

"கத்தி பிடிச்சு, ஐஸ்ல கை வச்சு வேலை செஞ்சா காய்க்கும். அது கையைக் காப்பாத்தறதுக்குத்தான் காய்க்குது. இனிமே நீங்க வேலைக்குப் போகலாம்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் மாதக்கணக்காகக் காத்திருந்தாள். எப்போ போலாம், எப்போ போலாம் என்று ஒவ்வொரு முறையும் எங்கள் உயிரை எடுத்தவள். கன்னியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "திங்கக்கெழமையே போலாம் சார், கூடையெல்லாம் ரெடியா கீது" என்றாள்.

அஞ்சலை மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் திங்கக்கெழம வாணாம் அண்ணி. அடுத்த திங்கக்கெழம போறேன்."

"வுடும்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்று மகேஸ்வரி நெளிந்தாள். அஞ்சலை கையை எடுக்கவில்லை.